வேர்ட் டெம்ப்ளேட்டில் செய்த மாற்றம் நிற்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கிரையப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனு, பள்ளிக்கூட வினாத்தாள், காதணி விழா அழைப்பிதழ் என்று எல்லா வேலையும் வரும். மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமும் இதே தொழிலில் இருப்பவர்கள் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, டெம்ப்ளேட்டை மாத்தி சேவ் பண்ணேன், மறுநாள் பாத்தா பழையபடியே இருக்கு." அது எத்தனை விதமாக வருமோ அத்தனைக்கும் எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதியிருக்கிறேன். டெம்ப்ளேட் என்றால் அடிக்கடி அடிக்கும் தாளுக்கு முன்கூட்டியே செய்து வைத்த மாதிரி. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எந்த பட்டன் என்று தெரிந்துவிடும்.

டெம்ப்ளேட் எதற்கு? பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. பழைய கிரையப் பத்திரத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, அவசரத்தில் பிரிண்ட் எடுத்துவிடுகிறோம். முந்தின கட்சிக்காரரின் சர்வே எண்ணோ சக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) ஒரு வரியோ அப்படியே தங்கிவிடுகிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால் அலைச்சல். இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேட வேண்டும். நாம் வாங்கியது டைப்பிங் கூலி மட்டும்தான், ஆனால் அந்தக் குடும்பம் அலைவது மாதக்கணக்கில்.

டெம்ப்ளேட்டில் இந்த ஆபத்து இல்லை. பெயர், சர்வே எண், எல்லை எல்லாம் காலியாக இருக்கும். திறக்கிற ஒவ்வொரு முறையும் புதுத் தாள் வரும், மூலம் கைபடாமல் அப்படியே இருக்கும். இந்தக் "கைபடாமல் இருக்கும்" என்ற குணம்தான் கீழே வரும் பாதித் தொல்லைக்கும் காரணம்.

டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்து திறந்து, மார்ஜினை மாற்றி, சேவ் கொடுத்தேன். மறுநாள் திறந்தால் பழைய மார்ஜின்தான் இருக்கிறது. ஏன்?

நீங்கள் திறந்தது டெம்ப்ளேட்டே இல்லை. என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சாதாரண வேர்ட் ஃபைலின் பெயர் டாக்எக்ஸ் என்று முடியும். டெம்ப்ளேட்டின் பெயர் டாட்எக்ஸ் என்று முடியும். டாக்எக்ஸை டபுள் கிளிக் செய்தால் அந்த ஃபைலே திறக்கும். டாட்எக்ஸை டபுள் கிளிக் செய்தால் அதைப் பார்த்து ஒரு புது ஃபைல் பிறக்கும். திரையின் மேல்பட்டையைப் பாருங்கள்: "டாக்குமென்ட் 1" என்றோ "டாக்குமென்ட் 2" என்றோ இருந்தால் கையில் இருப்பது நகல். அதில் என்ன மாற்றிச் சேவ் கொடுத்தாலும் நகலில்தான் போய் உட்காரும்.

மூலத்தையே திறக்க ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். மேலே தடித்த எழுத்தில் "நியூ" இருக்கும். அதை விட்டுவிட்டு "ஓப்பன்" என்பதை அழுத்துங்கள். இல்லையென்றால் வேர்டுக்குள் போய் ஃபைல், ஓப்பன் வழியாகத் தேடித் திறக்கலாம். இப்போது மேல்பட்டையில் டெம்ப்ளேட்டின் சொந்தப் பெயர் தெரியும். அது தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மேல்பட்டையைப் பார்க்கத்தான், டைப்பிங் அப்புறம்.

சரி, மூலத்தையே திறந்து "சேவ் ஆஸ்" கொடுத்தேன். இப்போது மாற்றிய டெம்ப்ளேட்டையே காணோம்.

"சேவ் ஆஸ்" பெட்டியில் ஃபைல் வகையை "வேர்ட் டெம்ப்ளேட்" என்று மாற்றியதும் வேர்ட் தானாக வேறு ஃபோல்டருக்குத் தாவிவிடும். 2013 முதல் வந்த வேர்டில் அது டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் "கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ்". உங்கள் பழைய டெம்ப்ளேட் டெஸ்க்டாப்பிலோ டி டிரைவிலோ இருக்கும், புதியது அங்கே போய்விடும். ஒரே பெயரில் இரண்டு இருக்க, நீங்கள் தினமும் பழையதைத் திறந்துகொண்டிருப்பீர்கள்.

ஒன்றை அழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது "கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ்" ஃபோல்டரிலேயே இருப்பது நல்லது. ஃபைல், நியூ, பெர்சனல் என்று போனால் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். டி டிரைவில்தான் வேண்டும் என்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் "டிஃபால்ட் பெர்சனல் டெம்ப்ளேட்ஸ் லொக்கேஷன்" என்ற இடத்தில் அந்த ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துவிடலாம். ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். அங்கேயும் தேடிப் பாருங்கள்.

எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் ஸ்டைலில் மாற்றினேன். இந்த ஃபைலில் வருகிறது, அடுத்த புது ஃபைலில் வரவில்லை.

ஸ்டைல் என்பது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்த தொகுப்பு. அதை மாற்றும் "மாடிஃபை" பெட்டியின் அடியில் இரண்டு வட்டங்கள் இருக்கும். "ஒன்லி இன் திஸ் டாக்குமென்ட்" என்பது முதலிலேயே தேர்வாகி இருக்கும். "நியூ டாக்குமென்ட்ஸ் பேஸ்டு ஆன் திஸ் டெம்ப்ளேட்" என்ற இரண்டாவது வட்டத்தை அழுத்தி ஓகே கொடுத்தால்தான் மாற்றம் டெம்ப்ளேட்டுக்குப் போகும். பிறகு வேர்டை மூடும்போது டெம்ப்ளேட்டில் செய்த மாற்றத்தையும் சேமிக்கவா என்று அது கேட்கலாம். கடை சாத்தும் அவசரத்தில் "வேண்டாம்" கொடுத்துவிடாதீர்கள்.

பேஜ் செட்டப் பெட்டியில் இருக்கும் "செட் ஆஸ் டிஃபால்ட்" பட்டனும் இதே வேலையைச் செய்யும். ஆனால் இப்போது திறந்திருக்கும் ஃபைல் எந்த டெம்ப்ளேட்டில் பிறந்ததோ அதற்குத்தான் அந்த மாற்றம் போகும். வாடகை ஒப்பந்தத்துக்குள் இருந்து அழுத்தினால் வாடகை ஒப்பந்த டெம்ப்ளேட்தான் மாறும், வெறும் புதுத் தாள் மாறாது.

ஆங்கில எழுத்து நான் சொன்னபடி மாறுகிறது. தமிழ் எழுத்து மட்டும் மாறவே இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

யூனிகோட் தமிழை வேர்ட் "காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்" என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இரண்டு எழுத்துரு, இரண்டு அளவு உண்டு. ஒன்று ஆங்கிலம் போன்றவற்றுக்கு, மற்றது தமிழ் போன்றவற்றுக்கு. நீங்கள் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவது மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள். டெம்ப்ளேட் ஒழுங்காகச் சேமித்துத்தான் இருக்கிறது, மாற்றம்தான் தப்பான பெட்டியில் போயிருக்கிறது.

டெம்ப்ளேட்டின் மூலத்தைத் திறந்து கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் மேலே "லத்தீன் டெக்ஸ்ட்", அதற்குக் கீழே "காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்று இரண்டு பகுதி இருக்கும். கீழ்ப்பகுதியில் நிர்மலா யூஐ அல்லது உங்களுக்குப் பிடித்த யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்து, அளவையும் அங்கேயே கொடுங்கள். பிறகு "செட் ஆஸ் டிஃபால்ட்". எல்லாப் புது ஃபைலுக்குமா என்று கேட்டால் ஆமாம் கொடுங்கள். கீழ்ப்பகுதியே தெரியவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, வேர்டை மூடித் திறந்தால் வந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல் லதா எழுத்துரு. பழைய கம்ப்யூட்டரில் லதாவில் டெம்ப்ளேட் செய்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை ஆகிவிட்டன. புது கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்துருப் பெட்டியில் பெயர் லதா என்றுதான் காட்டும், திரையில் நிற்பது வேறு எழுத்தாக இருக்கும். டெம்ப்ளேட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்போம். செட்டிங்ஸில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" போய் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வினாத்தாள் அடிக்கும் ஆசிரியர்களுக்கு இது தலைகீழ். வேர்டின் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்துதான், உருவம் மட்டும் தமிழ். அதனால் மேல்பகுதியில்தான் மாற்ற வேண்டும். ஒரே டெம்ப்ளேட்டில் பாமினியையும் யூனிகோடையும் கலக்காதீர்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிதாக ஒரு டெம்ப்ளேட் செய்வதென்றால் யூனிகோடிலேயே செய்யுங்கள்.

வேர்டை மூடும்போது "நார்மல் டாட்எம்" என்று ஏதோ பெயர் சொல்லி, சேமிக்க முடியவில்லை என்கிறது. அது என்ன?

அது வேர்டின் தாய் டெம்ப்ளேட். நீங்கள் எந்த டெம்ப்ளேட்டும் தேர்ந்தெடுக்காமல் புதுத் தாள் திறந்தால் அது இதிலிருந்துதான் பிறக்கும். வேர்ட் 2003 வரை அதன் பெயர் வெறும் நார்மல் டாட், 2007 முதல் நார்மல் டாட்எம். விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் வேறு வேறு பயனர் பெயரில் நுழைந்தால் ஒருவர் செய்த மாற்றம் மற்றவருக்கு வராது.

சேமிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் இன்னொரு வேர்ட் பின்னால் மறைந்து ஓடிக்கொண்டிருக்கும். எல்லா ஃபைலையும் சேவ் செய்து மூடிவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வேர்ட் அங்கே இன்னும் இருந்தால் அதைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். கிளாசிக் அவுட்லுக் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள், மெயில் எழுத அதுவும் வேர்டைத்தான் பயன்படுத்துகிறது.

அதற்கும் தீரவில்லையா? ஆட்-இன் (வேர்டோடு ஒட்டி ஓடும் கூடுதல் மென்பொருள்) ஏதாவது குறுக்கே நிற்கலாம். கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேர்டைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அப்படித் திறந்தால் தொல்லை இல்லை என்றால் ஆட்-இன்தான் காரணம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நீங்கள் ஒன்றுமே மாற்றாமல் தினமும் "நார்மல் டெம்ப்ளேட்டைச் சேமிக்கவா" என்று கேட்பதும் பெரும்பாலும் ஆட்-இன் வேலைதான்.

கடைசி வழி, நார்மலின் பெயரை மாற்றுவது. வேர்டை மூடுங்கள். விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒரு சதவீதக் குறி, ஆப்டேட்டா என்ற சொல், மறுபடி ஒரு சதவீதக் குறி, மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். வரும் இடத்தில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ். அங்கே நார்மல் இருக்கும். அதை அழிக்காதீர்கள், "நார்மல் பழையது" என்று பெயர் மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை வேர்ட் திறக்கும்போது புதிதாக ஒன்றைத் தானே செய்துகொள்ளும். பழையதில் உங்கள் மேக்ரோ, ஆட்டோடெக்ஸ்ட், ஸ்டைல் எல்லாம் இருக்கும். அழித்தால் அவையும் போய்விடும்.

கரண்ட் போனால் அன்று செய்த மாற்றமும் போய்விடுமா?

நார்மலில் செய்த மாற்றம் வேர்டை முறையாக மூடும்போதுதான் வட்டில் எழுதப்படும். காலையில் மாற்றிவிட்டு, மாலைவரை வேர்டைத் திறந்தே வைத்திருந்து, யூபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டால் மாற்றம் போனதுதான். அதனால் நார்மலில் கை வைத்தால் உடனே ஒரு முறை வேர்டை முழுதாக மூடித் திறந்துவிடுங்கள்.

திடீரென்று நின்ற கம்ப்யூட்டர் இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போகும். வேர்ட் எந்த ஃபைலைத் திறந்தாலும் "இது என் கையில் இருக்கிறது" என்று பக்கத்திலேயே மறைவாக ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கும். அதன் பெயர் ஒரு நெளிகோட்டுடனும் டாலர் குறியுடனும் தொடங்கும். முறையாக மூடினால் அதை வேர்டே அழித்துவிடும். கரண்ட் போனால் அது அங்கேயே கிடக்கும், மறுநாள் அந்த டெம்ப்ளேட்டை வேறு யாரோ திறந்து வைத்திருப்பதாகச் சொல்லும். வேர்டை மூடிவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "ஹிடன் ஐட்டம்ஸ்" காட்டும்படி செய்து, அந்தச் சின்ன ஃபைலை மட்டும் அழித்துவிடுங்கள்.

"ரீட் ஒன்லி" என்று மேலே வருகிறது.

வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த டெம்ப்ளேட் என்றால் ஃபைலின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். கீழே "அன்பிளாக்" இருந்தால் டிக் செய்யுங்கள். "ரீட் ஒன்லி" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சேமிப்பதை வைரஸ் தடுப்பு மென்பொருள் தடுக்கிறதா என்றும் பாருங்கள். ஆபீஸ் லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், மாற்ற முடியாது. அதற்கு டெம்ப்ளேட்டை நோண்டிப் பயனில்லை.

இரண்டு மூன்று கம்ப்யூட்டர் ஒரே ஃபோல்டரைப் பகிரும் கடைகளில் வேறு காரணங்கள் இருக்கும். அந்த டெம்ப்ளேட்டில் பிறந்த ஃபைல் பக்கத்து மேஜையில் திறந்திருந்தால் டெம்ப்ளேட் பூட்டிக்கொள்ளலாம். அப்புறம், வேர்ட் சேமிக்கும்போது பழைய ஃபைலின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, பழையதை நீக்கி, பெயரை மாற்றி வைக்கிறது. அதனால் அந்த ஃபோல்டரில் எழுத மட்டும் அனுமதி இருந்தால் போதாது, நீக்கவும் பெயர் மாற்றவும் அனுமதி வேண்டும்.

டெம்ப்ளேட்டை மாற்றிவிட்டேன். அதில் ஏற்கெனவே செய்த நாற்பது ஃபைல்களும் ஏன் மாறவில்லை?

மாறாது, மாறவும் கூடாது. பிறந்த பிறகு ஃபைல் தனி. வாசகம், மார்ஜின், ஹெடர் எதுவும் பின்னால் போய் ஒட்டாது. ஸ்டைலை மட்டும் கொண்டுவர முடியும்: டெவலப்பர் பட்டையில் "டாக்குமென்ட் டெம்ப்ளேட்" அழுத்தி, "ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ்" என்பதை டிக் செய்ய வேண்டும். பதிவான பத்திரத்தின் ஃபைலில் இதைச் செய்யாதீர்கள். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதுவே ஃபைலிலும் இருக்க வேண்டும்.

முத்திரைத்தாளில் முதல் பக்கத்துக்கு மட்டும் மேலே இடம் விட வேண்டும். மார்ஜினைக் கூட்டினால் எல்லாப் பக்கமும் கூடுகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் என்டர் தட்டுகிறேன்.

என்டர் தட்டுவதை இன்றோடு விட்டுவிடலாம். டெம்ப்ளேட்டின் மூலத்தில் மேல் மார்ஜினை மற்றப் பக்கங்களுக்கு ஏற்றபடி சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பகுதியில் டபுள் கிளிக் செய்தால் ஹெடர் திறக்கும். "டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" டிக் செய்யுங்கள். முதல் பக்க ஹெடருக்குள் ஒரு வெற்றுப் பத்தி வைத்து, பாராகிராஃப் பெட்டியில் அதன் "ஸ்பேசிங் ஆஃப்டர்" அளவைக் கூட்டுங்கள். ஹெடர் உயர உயர, முதல் பக்க வாசகம் மட்டும் கீழே இறங்கும். எவ்வளவு என்பதை நீங்கள் வாங்கும் தாளில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 28 பாயின்ட். பேப்பர் சைஸையும் அப்போதே சரியாக வைத்து, வெறும் தாளில் ஒரு முறை பிரிண்ட் எடுத்து, முத்திரைத்தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக வந்த பிறகுதான் முத்திரைத்தாளைப் பிரிண்டரில் செருக வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாலே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று ஃபோல்டர் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவும் காணாமல் போனால் அங்கே டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் இருக்கிறது. சி டிரைவில் யார் எதைச் செய்தாலும் ரீஸ்டார்ட்டில் பழைய நிலைக்குத் திருப்புவதுதான் அதன் வேலை. வாடிக்கையாளர்கள் உட்காரும் கம்ப்யூட்டருக்கு அது நல்ல காவல். உங்கள் டெம்ப்ளேட்டை அது காக்காத டிரைவிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முதலாளியிடம் சொல்லிக் காவலை எடுத்துவிட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாங்கள் லிப்ரே ஆபீஸ் வைத்திருக்கிறோம். அதிலும் இதே கதைதான்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல மென்பொருள், நானும் ஒரு கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். அங்கேயும் டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்தால் நகல்தான் வரும். ஃபைல், டெம்ப்ளேட்ஸ், மேனேஜ் டெம்ப்ளேட்ஸ் போய், வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்து "எடிட்" கொடுக்க வேண்டும். புதுத் தாள் எப்போதும் அதிலிருந்தே வர வேண்டுமென்றால் அங்கேயே "செட் ஆஸ் டிஃபால்ட்". தமிழ் எழுத்துரு இங்கே "சிடிஎல்" என்ற தனிப் பெயரில் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாற்றிய டெம்ப்ளேட்டில் பிறந்த பழைய ஃபைலைத் திறந்தால், ஸ்டைலைப் புதுப்பிக்கவா, பழையதையே வைக்கவா என்று கேட்கும். "கீப் ஓல்ட் ஸ்டைல்ஸ்" கொடுத்துவிட்டால் அந்த ஃபைலுக்கு அந்தக் கேள்வி மறுபடி வராது. படிக்காமல் அழுத்திவிட்டு, டெம்ப்ளேட் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது. இனி என்ன செய்து வைக்க வேண்டும்?

"கஸ்டம் ஆபீஸ் டெம்ப்ளேட்ஸ்" ஃபோல்டரையும், நார்மல் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரையும் வேர்ட் மூடியிருக்கும்போது ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நகலின் ஃபோல்டர் பெயரில் தேதியைப் போடுங்கள். அந்தப் பென் டிரைவைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.